வேட்டு வைக்கும் ஊரில் வீடு பார்த்தது

மகளுக்கு அப்போது மூன்றரை வயது. தேவிகுளத்துக்குக் கீழே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் என் கணவர் ஃபிட்டராக இருந்தார். இலை வரத்து குறைந்து, வாரத்தில் மூன்று நாள்தான் வேலை என்று ஆனபோது, பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு காண்ட்ராக்டர் கூப்பிட்டார். பெருமாட்டியைச் சுற்றியுள்ள மூன்று கல் குவாரிகளில் கல் நொறுக்கும் கிரஷர் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. குடியிருக்க வீடு அவரே ஏற்பாடு செய்வார், மூன்று ஊரில் எது வேண்டுமோ அது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"நீ வந்து பாரு. உனக்குச் சரின்னு பட்டாத்தான். இல்லைன்னா விட்டுருவோம்" என்றார் இவர்.

பெருந்தன்மையாகத்தான் சொன்னார். ஆனால் அப்படிச் சொல்லிவிட்டால் நாளைக்குப் பிள்ளைக்கு ஒன்று என்றால் பார்த்தவள் நான், சரி என்றவள் நான். அன்றிலிருந்து செல்போனில் அந்த மூன்று ஊர்களையும் மேலிருந்து பார்க்கத் தொடங்கினேன். பச்சைத் தென்னந்தோப்புகளுக்கு நடுவில் மூன்று வெள்ளைக் காயங்கள். அதில் ஒன்றின் நடுவே கண்போலக் கரும்பச்சையாகத் தண்ணீர். விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓர் அளவுக்கு மேல் படம் கலைந்துவிடும். அதற்குள் நின்றிருக்கும் எதையும் பார்க்க முடியாது.

ஒரு சனிக்கிழமை விடிவதற்கு முன்பே இரவல் கார் ஒன்றில் கிளம்பினோம். மறையூர் வளைவுகளில் மகள் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். சின்னாறு தாண்டியதும் வெயில் வந்தது, உடுமலைக்கு அப்பால் தரை தட்டையானது. எங்கள் ஊரில் கண் எந்தப் பக்கம் போனாலும் ஒரு சரிவில் போய் நிற்கும். இங்கே நிற்க இடமில்லாமல் போய்க்கொண்டே இருந்தது. பொள்ளாச்சியில் இட்லி சாப்பிட்டுவிட்டு மீண்டும் கேரள எல்லைக்குள் நுழைந்தோம். கடைப் பலகைகள் மலையாளத்துக்கு மாறின. கடைக்குள் பேச்சு மாறவில்லை.

முதல் ஊரில் கிரஷர் ஊருக்கு ஒட்டினாற்போல இருந்தது. மாவு சலித்த முறம்போலத் தென்னை ஓலையெல்லாம் வெளுத்திருந்தது. காரை நிறுத்துவதற்கு முன்பே இவர் தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்டார்.

"பேரிங் போகப் போகுது. ஒரு வாரம் தாங்காது."

அவர் முகத்தில் மாதக்கணக்காக நான் பார்க்காத ஒரு வெளிச்சம். தொழிற்சாலை மூடிக் கிடக்கும் நாட்களில் எஸ்டேட் லயத்தில், வரிசை வீட்டு வாசலில் உட்கார்ந்து பக்கத்து வீட்டு மிக்ஸியைப் பிரித்துப் பிரித்துப் பூட்டியவர் அவர். எனக்கு இந்த ஊர்கள் பிடிக்காமல் போனால் அந்த வெளிச்சத்தை நான்தான் அணைக்க வேண்டும்.

டீக்கடைக்காரம்மா பத்தடி தூரத்தில் நின்று, மூன்றாவது வீட்டுக்குக் கேட்கும்படி பேசினார். அவர் கணவரும் அப்படியே. அந்த ஊரில் எல்லாருமே கொஞ்சம் உரக்கத்தான் பேசினார்கள். அங்கிருந்த ஒரு கைக்குழந்தை நாங்கள் டீ குடித்து முடிக்கும்வரை இருமிக்கொண்டிருந்தது. காரில் ஏறியதும் "இங்க வேணாம்" என்றேன். "சரி" என்றார். அவ்வளவு சீக்கிரம் சரி சொல்லியிருக்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது.

இரண்டாவது ஊரில்தான் அந்தக் கரும்பச்சைக் கண் இருந்தது. கல்லெடுத்து முடித்து விட்டுவிட்ட பழைய பாறைக்குழி. செங்குத்தாக வெட்டிய சுவர்கள், கீழே அசையாத தண்ணீர், அதில் தலைகீழாகத் தென்னைகள். மகள் என் இடுப்பிலிருந்து குனிந்து பார்த்துவிட்டு, "அம்மா, அங்க உள்ள ஒரு ஊரு இருக்கு" என்றாள். அவளை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

ஒரு பக்கம் மட்டும் படிபோல உடைத்திருந்தது. அங்கே ஒரு பெண் துணி துவைத்துக்கொண்டிருந்தார். அவரிடமிருந்து இரண்டு முழம் தள்ளி, தண்ணீர் விளிம்பில், சிவப்பு நிறத்தில் ஒரு ஜோடி சின்னச் செருப்பு. என் மகளின் அளவுதான் இருக்கும். பக்கத்தில் பிள்ளை யாரும் இல்லை.

தண்ணீரைப் பார்த்தேன், செருப்பைப் பார்த்தேன். அந்தப் பெண் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏனுங்க, பயந்துட்டீங்களா? அது என்ற புள்ளயோடதுங்க. அவ ஊட்ல இருக்கறா. நான் இங்க வர்றப்பெல்லாம் அவ செருப்பத் தூக்கிட்டு வந்துருவேன். வழியெல்லாம் முள்ளு வெட்டிப் போட்டிருக்குதுல்ல, வெறுங்காலோட பின்னால வரமாட்டா."

வந்த வழியைத் திரும்பிப் பார்த்தேன். ஆமாம், பாதை முழுக்க வேலிமுள் பரப்பியிருந்தது. வேலி போடுவதற்குப் பதிலாக, அந்த ஊர்த் தாய்மார்கள் கண்டுபிடித்த வேலி. நல்ல யோசனை என்று அவரிடம் சொன்னேன். சொல்லும்போதே, என்றைக்காவது ஒரு நாள் செருப்பை எடுக்க மறந்தால் என்று மனம் கணக்குப் போட்டது. அந்தச் சிவப்புச் செருப்பு இப்போதும் என் கனவில் வருகிறது. கனவில் அந்தப் பெண் அங்கே இருப்பதில்லை.

மூன்றாவது ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. குன்று அடிவாரத்தில் இரண்டு வீடுகள் ஒட்டினாற்போல நின்றன. ஒன்றில் வீட்டுக்காரம்மா, மற்றது எங்களுக்காகக் காலியாக இருந்தது. முற்றம் விசாலமாக, பெருக்கித் தண்ணீர் தெளித்து, சுற்றிலும் தென்னை. குவாரி குன்றுக்கு அந்தப் பக்கம். தூசி இல்லை, தண்ணீர்க் குழி இல்லை. அங்கன்வாடி நடக்கும் தூரம். எனக்கே ஆச்சரியமாக, "நல்லாருக்கே" என்று சொல்லிவிட்டேன். அந்த வெளிச்சம் மறுபடி இவர் முகத்தில் வந்தது. "நீ உள்ள பாத்துட்டிரு, நான் கிரஷர ஒரு எட்டுப் பாத்துட்டு வாரேன்" என்று கிளம்பிப் போனார்.

வீட்டுக்காரம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கையில் சாவிக்கொத்தோடு முன்னால் நடந்தபடி பேசிக்கொண்டே இருந்தார்.

"செவுத்துல ஆணி கீணி அடிக்காதீங்க அம்மிணி. பாத்திரத்தப் பலகை மேல அடுக்காதீங்க, கீழயே வெச்சுக்கோங்க. வேட்டு வெச்சாங்கன்னா அதுகளே எறங்கி வந்துரும்."

"தினமுமா அக்கா?"

"தெனமும் ஒரு மணிக்கு. ஞாயித்துக்கெழம அதுகளுக்கும் லீவு." சுவரில் ஒரு விரிசலின் குறுக்கே ஒட்டியிருந்த காகிதத் துண்டைத் தட்டிக் காட்டினார். "இது கிழிஞ்சா விரிசல் பெருசாச்சுன்னு அர்த்தமுங்க. ரெண்டு மழ தாண்டிருச்சு, கிழியல. நல்ல ஊடு."

பிறகு வாசலில் விழுந்த நிழலைப் பார்த்துவிட்டு, "நேரமாச்சு, நான் போயி சாமிகளப் படுக்க வெச்சுட்டு வந்தர்றேன்" என்றார்.

"படுக்க வைக்கிறதா?"

"படமெல்லாம் கண்ணாடி போட்டதுல்லங்க. வேட்டுக்கு முன்னால எறக்கி மெத்தை மேல படுக்கப் போட்டுருவேன். முருகனுக்கும் ஒரு தூக்கம் ஆச்சு. வேட்டு முடிஞ்சா எழுப்பி மாட்டிருவேன்." மகளின் கன்னத்தைக் கிள்ளினார். "நீங்க உள்ளயே இருங்க சாமி, வந்தர்றேன்."

நீங்க உள்ளயே இருங்க. அவர் சொன்னார், என் காதில் விழுந்தது. இதைப் பலமுறை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். தெரியாமல் நடந்தது என்று சொல்ல எனக்கு வழியில்லை.

மகள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து கட்டெறும்பு பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்தேன். அப்போது குன்றுக்கு அப்பால் குவாரிச் சங்கு ஊதியது.

அடுத்து நினைவிருப்பது, முற்றத்தில் நான் ஓடிக்கொண்டிருந்தது. மகள் என் தோளில். செருப்பு போடவில்லை. சுவரை விட்டு, கூரையை விட்டு, குன்றுச் சரிவை விட்டு, வெட்டவெளி எங்கே இருக்கிறதோ அங்கே ஓட வேண்டும். காலுக்கு அது தெரிந்திருந்தது. முற்றத்தின் நட்டநடுவில், தலைக்கு மேல் எதுவும் இல்லாத இடத்தில் போய் நின்றேன். தப்பித்துவிட்டோம் என்று நிம்மதிகூட வந்தது. அதை எப்படி மறப்பது. இரண்டாவது சங்கு ஊதியபோது நான் நிம்மதியாக இருந்தேன்.

"உள்ள! உள்ள போங்க! ஐயோ, உள்ள போங்க அம்மிணி!"

வீட்டுக்காரம்மா தன் வாசலில் நின்று இரண்டு கையையும் ஆட்டினார். சங்குச் சத்தத்தில் சொல் கேட்காமல், இன்னும் தள்ளி வரத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். தரை ஒரு முறை மேலே எழுந்து இறங்கியது. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. அதன் பிறகு ஒன்றுமே இல்லை, காக்கைகூட இல்லை. பிறகு தென்னை ஓலைகளில் ஆலங்கட்டி மழை பெய்வதுபோலப் படபடவென்று ஏதோ விழுந்தது. அண்ணாந்து பார்த்தேன். ஒரு கல் எங்களுக்கு முன்னால், நான்கு எட்டு தள்ளி, தண்ணீர் தெளித்த மண்ணில் பொத்தென்று புதைந்தது. உரித்த தேங்காய் அளவு இருக்கும். ஒரு பக்கம் பழைய கறுப்பு. மறுபக்கம் அப்போதுதான் உடைத்த வெள்ளை.

வீட்டுக்காரம்மா ஓடி வந்து, என் கையிலிருந்து பிள்ளையைப் பிடுங்கினார்.

"ஏனுங்க, வேட்டுன்னா என்ன நோம்பி வாணவேடிக்கையா? இப்புடி ஓடியாந்து நிக்கறீங்க! படிச்ச புள்ள தான நீங்க? சொல்லிட்டுத்தான போனேன்!"

மகள் அழவில்லை. அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் அழுதேன்.

உள்ளே உட்கார வைத்து மோர் கொடுத்தார். குடித்து முடித்ததும் அவரிடம் சொன்னேன். எங்கள் எஸ்டேட்டில் சங்கு மூன்று நேரம் ஊதும். அதற்கு வேலைக்குப் போவோம், வருவோம். அந்த மூன்று நேரம் தவிர வேறு எப்போது ஊதினாலும் வெளியே ஓட வேண்டும். மேலே மண் இறங்குகிறது என்று அர்த்தம். நான் இரண்டாம் வகுப்பு படித்தபோது ஒரு மத்தியானம், அடைமழையில், அப்படி ஊதியது. எல்லாரும் ஓடினோம். லயத்தின் மூலை வீட்டு அக்கா மட்டும் ஜன்னல் வழியே எங்களைப் பார்த்தாள். கைக்குழந்தை மழையில் நனையக் கூடாது என்று கதவைச் சாத்தினாள். கதவு சாத்தியதை நான் பார்த்தேன். பிறகு அந்த வீடு இல்லை. அன்றைக்கு அம்மா என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கிச் சொன்னாள்: சங்கு ஊதினால் வெளியே. யோசிக்கக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது.

வீட்டுக்காரம்மா காலி டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார்.

"உங்கூர்ல ஊடு உளுகுது, எங்கூர்ல வானம் உளுகுது. நான் என்னங்க பண்ணட்டும்" என்றார். பிறகு மெதுவாக, "உங்கூட்டுக்காரத் தம்பிகிட்ட நாஞ் சொல்லலீங்க. நீங்களே சொல்லிக்கோங்க."

இவர் திரும்பி வந்தபோது முழங்கை சிராய்த்திருந்தது. சட்டையில் மேல் பொத்தான் இல்லை. "இரும்புல உரசிருச்சு" என்றார். அவசரத்தில் நான் அதைக் கவனித்தும் கேட்கவில்லை. என்னை அவர் உற்றுப் பார்த்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை. காரில் ஏறியதும், "என்ன, வீடு சரிதானே?" என்றார்.

"சரிதான்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. வேண்டாம் என்றால் காரணம் கேட்பார். காரணம் சொன்னால், பிள்ளையைக் கல்லுக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்தியவள் நான் என்று தெரிந்துவிடும். வீட்டில் தவறில்லை, ஊரில் தவறில்லை, என் காலில்தான் தவறு, அதைப் பழக்கிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

உடுமலை தாண்டி, தூங்குகிறாள் என்று நினைத்த மகள் பின் இருக்கையிலிருந்து பேசினாள்.

"அப்பா, அம்மா என்னைத் தூக்கிட்டு ஓடுச்சு. மேலருந்து கல்லு வந்துச்சு. அந்த அத்தை அம்மாவத் திட்டுச்சு."

அவர் ஒரு புளியமரத்தடியில் காரை ஓரம்கட்டினார். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எந்தச் சங்குக்கு ஓடுன? மொதச் சங்குக்கா?"

"ம்."

"நானும் அப்பத்தான் ஓடுனேன்."

புரியாமல் பார்த்தேன்.

"ஷெட்டுக்குள்ள இருந்தேன். சங்கு கேட்டதும் ஸ்பேனரப் போட்டுட்டு வெளிய ஓடிட்டேன். ஒருத்தன் பின்னாலயே வந்து சட்டையப் புடிச்சு இழுத்தான். ஜல்லி மேல விழுந்தேன். எல்லாரும் ஒரே சிரிப்பு. மலைக்காரனுக்கு வேட்டு வேடிக்கை பாக்கணுமாம்லன்னு."

"ஏன் சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

அவரும் எஸ்டேட்டில் பிறந்தவர்தான். அவருக்கும் யாரோ தோளைப் பிடித்து உலுக்கிச் சொல்லியிருப்பார்கள். பிள்ளை வாய் திறக்காமல் இருந்திருந்தால், ஆளுக்கொரு பொய்யோடு அந்த வீட்டில் பால் காய்ச்சியிருப்போம். முதல் நாளே ஒரு மணிக்கு இரண்டு பேரும் இரண்டு பக்கத்திலிருந்து வெட்டவெளிக்கு ஓடி வந்திருப்போம்.

"வேணாம்னு சொல்லிரவா?" என்றார். குரலில் கோபமில்லை. மிக்ஸியைப் பிரித்துப் பூட்டும்போது பேசுவாரே, அந்தக் குரல்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சங்கு கேட்காத தூரத்தில் வீடு வேண்டும், நீங்கள் பைக்கில் போய் வாருங்கள் என்றேன். பெருமாட்டியில் தோப்புக்குள் ஒரு ஓட்டு வீடு கிடைத்தது. முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு நாள் தனியாக பஸ்ஸில் போய், பன்னிரண்டரையிலிருந்து ஒன்றரை வரை அந்த வாசலில் உட்கார்ந்து கேட்டேன். மோட்டார் சத்தம், மயில் அகவல், வேறு ஒன்றுமில்லை. அதன் பிறகுதான் சாமான்களை ஏற்றினோம்.

மகளைப் பத்திரமான இடத்தில் வைத்துவிட்டேன். பிறகுதான் மீதி இருப்பவரைப் பற்றிய பயம் வந்தது. அவர் கால்களை எனக்குத் தெரியும். என் கால்களும் அவைதான். முதல் வாரத்திலிருந்தே ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் போன் செய்யத் தொடங்கினேன்.

"உள்ள போயாச்சா?"

"போயாச்சு, போயாச்சு."

பின்னால் யாராவது, "சேட்டா, உங்க ஊட்டு அம்மிணியோட சங்கு அடிச்சிருச்சுடோய், எல்லாரும் உள்ள வாங்க" என்று கத்துவது கேட்கும். அவரும் சிரிப்பார். மாதக்கணக்கில் இப்படியே போனது. ஒரு மனைவி செய்ய வேண்டியதைச் செய்கிறேன் என்று எனக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஒரு நாள் மகளுக்குக் காய்ச்சல். மருந்து கொடுத்துத் தூங்க வைத்துவிட்டுப் பார்த்தால் மணி சரியாக ஒன்று. பதறிப்போய் கூப்பிட்டேன். நான்கைந்து முறை அடித்த பிறகு எடுத்தார். அவர் குரலுக்குப் பின்னால் சங்கு ஊதிக்கொண்டிருந்தது. ஷெட்டுத் தகரத்துக்குள் மோதி வரும் சத்தமாக இல்லை. முழுசாக, பக்கத்தில், காற்றோடு.

"உள்ளதான் இருக்கேன்" என்றார். இணைப்பு அறுந்தது.

பத்து நிமிடம் கழித்து அவரே கூப்பிட்டார். ஒன்றுமில்லை என்றார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது உடம்பில் கீறல் இல்லை, சட்டையில் பொத்தான்கள் எல்லாம் இருந்தன. சாப்பாடு போடும்போது சாதாரணமாகக் கேட்பதுபோல, ஷெட்டுக்குள்ளே டவர் கிடைக்குமா என்று கேட்டேன்.

"எங்க. தகரக் கொட்டகைல்ல. வாசலுக்கு வந்தாத்தான் ரெண்டு கோடு வரும்" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. சோற்றைப் பார்த்தபடி, "வாசல்தான். ரெண்டு எட்டுதான்" என்றார்.

அவ்வளவு நாளும் அவரை ஒவ்வொரு மத்தியானமும் வெளியே கூப்பிட்டது நான். மனதில் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். எத்தனை முறை பன்னிரண்டு ஐம்பதுக்குக் கூப்பிட்டேன், எத்தனை முறை ஐம்பத்தெட்டுக்கு, அதில் எத்தனை நாள் வேட்டு கொஞ்சம் முந்தி வைத்திருப்பார்கள். கூப்பிடாமல் இருப்பது சரியா என்பதும் எனக்கு நிச்சயமில்லை. கூப்பிடாவிட்டால் உள்ளே போக அவருக்கு யார் ஞாபகப்படுத்துவார்கள்? அங்கே இருப்பவர்கள் ஞாபகப்படுத்துவார்கள், அவர்களுக்கு அதுதான் பழக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சில நாள் நம்புகிறேன்.

இப்போது பன்னிரண்டே முக்காலுக்குப் போனை அணைத்து அலமாரி மேல் தூக்கி வைத்துவிடுகிறேன். நாற்காலி போட்டு ஏறினால்தான் எட்டும். மகளுக்குச் சோறு பிசைகிறேன். அவள் ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கித் தின்பவள். ஒரு மணி தாண்டி எவ்வளவு நேரமானாலும் அவளை நான் அவசரப்படுத்துவதில்லை.